மூன்றாம் நாள் ஹோமம்

குளியலறைக் கதவை அபயாம்பாள் இரண்டாவது தடவையாகத் தட்டினாள். "என்னடி திரிபுரா, உள்ள என்ன பண்றே?"

"இதோ வந்துட்டேம்மா" என்றாள் மருமகள். குழாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டாள். கறைபட்ட துணி கையில் இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போயிருந்த நாள், வேறு நாளே கிடைக்காத மாதிரி இந்த வியாழக்கிழமையைப் பார்த்து வந்து சேர்ந்திருந்தது. மத்தியானம் அவள் கல்லூரிக்குப் போக வேண்டும். வெளியே போய் உண்மையைச் சொன்னால் கல்லூரி கிடையாது. கராஜ்தான்.

கராஜ் சமாசாரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில், நியூஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்த ஒரு பெண்ணைக் கார் நிறுத்துகிற இடத்தில் மூன்று நாள் உட்கார வைத்தார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாணமாகி அமெரிக்கா வந்த நாலு வருஷமும் திரிபுரா எங்கேயும் தனியாக உட்காரவில்லை. புருஷன் பசுபதிக்கும் அது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. கோடையில் மாயவரத்திலிருந்து அவன் அம்மா வந்து இறங்கினாள். வந்த மாதமே கேட்டாள்: "இந்தாத்துல தூரமானா எங்க உட்கார்றது?" பசுபதி மருந்துக் கம்பெனியில் புள்ளியியல் நிபுணன். எந்தப் பரிசோதனை நம்பத்தக்கது, எது இல்லை என்று சொல்வதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அவன் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கராஜ் இருக்கிறதே என்றான். மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆறு மாசம்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்றும் சொன்னான். ஆறு மாசம் முடியவில்லை, அதற்குள் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பம் போய்விட்டது.

ஆகவே மாதாமாதம் மடக்கு நாற்காலி, தனித் தட்டு, தனி டம்ளர், சின்ன ஹீட்டர், குழல் விளக்கு. பக்கத்திலேயே டொயோட்டா நிற்கும். அதை அவள் தொடக் கூடாது, பூஜை போட்ட வண்டி. சனிக்கிழமைகளில் யாராவது வந்தால், கராஜில் விளக்கெரிவதைப் பார்த்துவிட்டு, ஓகோ இந்த மாசமும் இல்லையா என்று முகத்தாலேயே கேட்பார்கள். நாலு வருஷமாகக் குழந்தை இல்லாத பெண்ணுக்கு மாதம் ஒரு தடவை தெருவுக்கெல்லாம் தெரிகிற மாதிரி விளக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஆனால் அந்தக் கராஜில்தான் அவள் தன் பாடத்தைத் தயார் செய்தாள். வசந்தத்தில் கிரீன் கார்டு வந்ததும், பக்கத்துக் கல்லூரியில் மாலை வகுப்புக்கு வானியல் அறிமுகப் பாடம் நடத்த ஆள் தேடுகிறார்கள் என்று பார்த்து எழுதிப் போட்டிருந்தாள். கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், பிடித்தால் ஜனவரியிலிருந்து வகுப்பு அவளுடையது. காலைப் பலகாரத்துக்கு வாங்குகிற சீரியலின் காலி அட்டைப் பெட்டியில் மெல்லிய கீறல் போட்டு, தபாலில் இலவசமாக அனுப்பித் தள்ளுகிற சி.டி. ஒன்றைச் சாய்த்துச் செருகி, குழல் விளக்கைப் பார்த்தாள். வெள்ளையாகத் தெரிகிற வெளிச்சம் உள்ளே தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நின்றது. பச்சை ஒன்று, நீலம் ஒன்று. குழலுக்குள்ளே இருக்கிற பாதரசத்தின் கையெழுத்து அது. தூரமானவள் என்று ஒதுக்கி வைத்த இடத்தில் உட்கார்ந்து அவள் தூரத்தில் இருப்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஐந்து மாதமாக அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு வகுப்புக்கு மட்டும்தான்.

அதனால் வியாழக்கிழமை காலை அவள் ஒன்றும் சொல்லவில்லை. குளித்தாள், விளக்கேற்றினாள், வத்தக்குழம்பு வைத்தாள், லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டொயோட்டாவை எடுத்தாள். ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தெய்வ குற்றம் என்ற பயம் இல்லை, மாமியார் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள்.

கல்லூரியில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். துறைத் தலைவி நரைத்த தலையுடன் முன் வரிசையில் இருந்தாள். திரிபுரா பழைய காலத்திலிருந்து ஆரம்பித்தாள். பூமி நடுவில் அசையாமல் இருக்கிறது, மற்றதெல்லாம் சுற்றி வருகிறது என்று மனுஷர்கள் முடிவு கட்டினார்கள். செவ்வாய் மட்டும் சில மாதங்களில் வந்த வழியே திரும்பி நடந்தது. கணக்கு உதைத்தது. அப்போதும் பூமியை நடுவிலிருந்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. பெரிய வட்டத்தின் மேல் ஒரு சின்ன வட்டம் போட்டார்கள். அதுவும் போதாமல் மையத்தைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் இப்படி ஒட்டுப் போட்டே ஓட்டினார்கள். நடுவில் சூரியனை வைத்துப் பார்த்த பிறகுதான், செவ்வாய் திரும்பி நடக்கவே இல்லை, பூமி அதை முந்திக்கொண்டு போகிறபோது அப்படித் தோன்றுகிறது என்று தெரிந்தது.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஒளிக்கு வந்தாள். சூரிய வெளிச்சத்தை விரித்தால் வானவில் நிறங்களுக்கு நடுவில் கறுப்புக் கோடுகள் தெரியும். வெளிச்சம் வருகிற வழியில் இருக்கிற ஆவி தனக்கு உரிய நிறத்தை எடுத்துக்கொண்டுவிடுகிறது. எந்த நிறம் குறைகிறதோ, அதை வைத்து அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தொட வேண்டாம், போக வேண்டாம். துறைத் தலைவி அவள் கொண்டுபோயிருந்த சீரியல் பெட்டியை வாங்கி ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள், தன் சகாக்களையும் கூப்பிட்டாள். திரும்பி வந்து, ஜனவரியில் பார்க்கலாம் என்று கை கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் பசுபதியிடம் சொன்னாள். அவன் டீவியைப் பார்த்துக்கொண்டே, "குட். பார்க்கலாம்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் தலைகீழாகப் போயிற்று. அபயாம்பாள் சமையலறைக் காலண்டரைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். நாள் தள்ளி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, கராஜ் பக்கம் போகவில்லை, முகம் வெளுத்திருக்கிறது. எது குறைகிறதோ அதை வைத்து என்ன இருக்கிறது என்று அவளும் சொல்லிவிட்டாள். திரிபுரா மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் மாயவரத்துக்கு போன் போய்விட்டது. நாத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது, குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தாகிவிட்டது. கையில் குங்குமப்பூப் பாலைக் கொண்டு வந்து கொடுத்து, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நாலு வருஷத்தில் அந்தக் கை அவள் கன்னத்தில் பட்டது அதுதான் முதல் தடவை. பாவி, அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதுவும் கர்ப்ப லட்சணத்தில் சேர்ந்துவிட்டது.

அடுத்த நிமிஷம் அபயாம்பாள் சாவி மாட்டியிலிருந்து டொயோட்டா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி வண்டி ஓட்டக் கூடாதாம். விளக்கு வைத்த பிறகு வாசல் தாண்டக் கூடாதாம். பசுபதி ராத்திரியே சொல்லிவிட்டிருந்த அந்த வானத்தைப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாமாம். ஜனவரி வகுப்பு ராத்திரி ஏழு மணிக்கு! தூரமானாலும் வெளியே போகக் கூடாது, தூரமாகாவிட்டாலும் போகக் கூடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு ஒன்றுதான், அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

பசுபதி ஆபீசிலிருந்து வந்ததும் அவனை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னாள். இன்று இரண்டாம் நாள் என்றாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து டையைத் தளர்த்தினான். மறுநாள் வீட்டில் நவக்கிரக ஹோமம். பிள்ளை வரம் வேண்டி அபயாம்பாள் மாதக் கணக்கில் திட்டம் போட்டது. நாற்பது பேரைக் கூப்பிட்டாகிவிட்டது.

"இப்போ சொன்னா அம்மா தாங்க மாட்டா" என்றான். "ஹோமம் முடியட்டும். அப்புறம் நான் பார்த்துக்கறேன்."

"நாளைக்கு மூணாம் நாள். நான் உங்க பக்கத்துல உட்கார்ந்து சங்கல்பம் பண்ணணும், தெரியுமோல்லியோ?"

"யாருக்குத் தெரியப் போறது?" என்றான் புள்ளியியல் நிபுணன்.

சனிக்கிழமை ஹோமம் எங்கே நடந்தது என்று நினைக்கிறீர்கள்? கராஜில். வீட்டுக்குள் வளர்த்தால் புகை எச்சரிக்கை மணி கத்தும், தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். அதனால் டொயோட்டாவை வெளியே தள்ளி, தரையை அலம்பி, கோலம் போட்டு, மடக்கு நாற்காலியையும் ஹீட்டரையும் தோட்டத்துப் பக்கம் தூக்கி வைத்துவிட்டுக் குண்டம் வைத்தார்கள். ஆக, மூன்றாம் நாள் திரிபுரா சாஸ்திரப்படி கராஜில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு, நெய் ஊற்றிக்கொண்டு. சூரியனை நடுவில் வைத்து மற்ற எட்டையும் சுற்றி வைத்தார் குருக்கள். விடியற்காலையில் எழுந்து சர்க்கரைப் பொங்கலையும் சுண்டலையும் செய்தவள் அவள், குத்துவிளக்கை ஏற்றியவளும் அவள். அடிவயிறு வலித்தது. புகை கண்ணில் பட்டு வழிந்தது. நாற்பது பேரும் பிரசாதத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பசுபதி சொன்னபடி பார்த்துக்கொண்டான். காலையில் சமையலறையில் அம்மாவிடம் தணிந்த குரலில் பேசினான். மாடிப்படியில் நின்றவள் காதில் ஒரே ஒரு வாக்கியம்தான் விழுந்தது. "கலைஞ்சுடுத்தும்மா."

அபயாம்பாள் ஓவென்று அழுதாள். மாடிக்கு வந்த பசுபதியின் சட்டையைத் திரிபுரா பிடித்துக்கொண்டாள். இல்லாத ஒன்று எப்படிக் கலையும் என்று கேட்டாள். அவன் மெதுவாக அவள் விரல்களை எடுத்துவிட்டான்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாரேன். தீட்டோட ஹோமத்துல உட்கார்ந்தேன்னு சொன்னா ஊரே உன்னைக் கிழிச்சுடும். இது எல்லாருக்கும் நல்லது. உன்னால முடியும்னு இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. உனக்கு மரியாதைதானே?"

கோட்டுக்குப் பொருந்தாத புள்ளியை அழித்துவிட்டுக் கோடு போடுகிறவன் அவன். தப்பாகப் பேசியதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. திரிபுராவும் வாயை மூடிக்கொண்டாள். ஏன் மூடிக்கொண்டாள் என்றால், ஜனவரி இருந்தது. கர்ப்பம் போய்விட்டதென்றால் சாவி திரும்ப மாட்டிக்கு வந்துவிடும். ஒரு பொய்க்கு ஒரு வகுப்பு, கிடைத்தவரை லாபம் என்று கணக்குப் போட்டாள். பாவம், வீட்டில் இன்னொருத்தரும் கணக்குப் போடுவார் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை துக்கம் கேட்கப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி ரசம், ஒருத்தி பத்திய லேகியம். பசுபதி பக்கத்து ஊரான எடிசனுக்குக் கறிகாய் வாங்கப் போயிருந்தான். திரிபுராவை சோபாவில் நடுவில் உட்கார வைத்து, நாலு வருஷமாகத் தராத பிரியத்தை எல்லாம் அன்றைக்கே தந்து தீர்த்தார்கள். உன்மேல் ஒரு குறையும் இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டதே என்று ஒருத்தி தலையைத் தடவினாள். பிறக்காத பிள்ளை, உருவாகவே செய்யாத பிள்ளை, அவளுக்கு வாங்கிக் கொடுத்த கௌரவம் அது. அபயாம்பாள் மூக்கைச் சிந்திக்கொண்டு காரணம் சொன்னாள். வயிற்றில் உயிரோடு காலேஜ், கார், வானம், நட்சத்திரம் என்று அலைந்தால் தங்குமா?

தெருக்கோடி வீட்டுப் புஷ்பவல்லி மாமி ஆறுதலாக ஒன்று சொன்னாள். ஹோமம் மட்டும் வீண் போகவில்லை. அந்தப் பிரசாதத்தைச் சாப்பிட்டு இரண்டாம் நாள், திங்கட்கிழமையே அவள் வீட்டுக்காரருக்கு மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த கிரீன் கார்டு வந்துவிட்டது. அத்தனை சக்தி. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்போது போன் அடித்தது. துக்க வீட்டில் யார் எடுப்பது என்று ஆளாளுக்குப் பார்த்தார்கள். அடித்து ஓய்ந்து, பதில் சொல்லும் இயந்திரம் கிளுக்கென்று எழுந்தது. துறைத் தலைவியின் குரல் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. திரிபுரா, உன் கணவர் திங்கட்கிழமை பேசினார், விஷயம் தெரிந்து எங்களுக்கெல்லாம் மிகவும் வருத்தம் என்றது. இந்த நிலையில் உன்னால் வகுப்பு எடுக்க முடியாது என்று அவர் சொன்னது சரிதான், நாங்கள் வேறு ஒருவரை நியமித்துவிட்டோம், அதைப்பற்றி நீ கவலைப்படாதே, ஓய்வெடுத்துக்கொள். அவ்வளவு கனிவான குரல். இயந்திரம் அணைந்தது.

திரிபுரா கொஞ்ச நேரம் அதில் மினுங்கிய சின்னச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"எனக்குக் குழந்தை எதுவும் கலையலை" என்றாள். "எனக்குக் குழந்தையே உண்டாகலை. ஹோமத்தன்னிக்கு எனக்கு மூணாம் நாள். மூணாம் நாள் நான்தான் விளக்கேத்தினேன், நெய் விட்டேன். பொங்கல் என் கையால பண்ணினது. நீங்க எல்லாரும் சாப்பிட்டேள். மாமி, உங்காத்து கிரீன் கார்டு அந்தப் பொங்கல்லதான் வந்தது."

புஷ்பவல்லி மாமியின் கை தானாக வாய்க்குப் போயிற்று. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அத்தனை பேர் முகத்திலும் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது.

அபயாம்பாள் எழுந்து வந்து மருமகளை அணைத்துக்கொண்டாள். "குழந்தை போன துக்கம்" என்றாள் தலைக்கு மேலாக, மற்றவர்களைப் பார்த்து. "ஒரு வாரமா இப்படித்தான் பேத்திண்டிருக்கா. பாவம்."

அப்பாடா என்று ஒரு மூச்சு எல்லோருக்கும் ஒன்றாக வந்தது. பெரிய வட்டத்தின் மேல் இன்னொரு சின்ன வட்டம் போட்டாகிவிட்டது, கணக்கு சரியாகிவிட்டது. சின்னப் பெண், அதிர்ச்சி, நல்ல டாக்டராகப் பாருங்கோ என்றார்கள். புஷ்பவல்லி மாமி போகும்போது அவள் நெற்றியில் ஹோம விபூதியையே எடுத்துப் பூசிவிட்டுப் போனாள். எந்தக் கிரகத்துக்குப் பரிகாரம் செய்யலாம் என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பேசிக்கொண்டார்கள்.

கடைசிக் காரும் போனபிறகு அபயாம்பாள் கதவைச் சாத்தினாள். அழுத முகம் எங்கேயோ போய்விட்டிருந்தது. ரசப் பாத்திரங்களை எடுத்து அடுக்கினாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றாள் திரும்பாமலே. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் குப்பையை வெளியில வெச்சது யாரு? நான்தானே. பார்த்துட்டேன்."

திரிபுராவுக்கு முதலில் புரியவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் ஹோமத்துக்கு முந்தின நாள். "தெரிஞ்சேவா என்னை ஹோமத்துல உட்கார வெச்சேள்?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? மாயவரத்துக்குச் சொல்லியாச்சு. நாப்பது பேரைக் கூப்பிட்டாச்சு."

"அப்போ தீட்டு? பகவான்? ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு." அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அப்புறம் எதுக்கும்மா என்னை அஞ்சு மாசமா அந்தக் கராஜ்ல உட்கார வெச்சேள்?"

அபயாம்பாள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. இத்தனை படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற ஆச்சரியம்தான்.

"நீ உட்கார்ந்தியே" என்றாள்.

பிறகு திரிபுரா நெற்றியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சனிக்கிழமை, துறைத் தலைவி இருக்கமாட்டாள் என்று தெரியும். அந்தப் பக்கத்து இயந்திரம் விழிக்கிற வரையில் காத்திருந்து, வகுப்பில் பேசின அதே குரலில், இங்கிலீஷில், நிதானமாகச் சொன்னாள். என் கணவர் உங்களிடம் சொன்னது பொய். நான் எந்தக் குழந்தையையும் இழக்கவில்லை, உங்கள் வகுப்பைத்தான் இழந்தேன். கோடையில் இடமிருந்தால் கூப்பிடுங்கள். என்னிடம் மட்டும் பேசுங்கள்.

"யாருக்குடி போன்? என்ன சொன்னே?" என்றாள் அபயாம்பாள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அவளுக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும்.

"அடுத்த மாசம் நாள் வரும்மா" என்றாள் திரிபுரா. "வந்தா உங்ககிட்ட மறைக்க மாட்டேன். சொல்லிட்டு, இங்கதான் உட்காருவேன்."

சொல்லிவிட்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்து, பசுபதியின் கார் வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.